இரண்டு மூடி மருந்து

போன வாரம் கதவைச் சாத்தியவள் கடுகின் அம்மா. சாத்தியது கண்டக்டர் அத்தையின் மூக்குக்கு நேராக.

தம்பி மகள் கடுகைப் பார்க்க டியூட்டி முடிந்த கையோடு வந்திருந்தாள் அத்தை. தோளில் டிக்கெட் பை, சட்டையெல்லாம் ரூட்டுத் தூசி. வாசலில் நின்று ஒரே ஒரு தடவை இருமினாள்.

"முதல்ல அந்த இருமலை எங்கயாவது இறக்கி விட்டுட்டு வாங்க அண்ணி!"

எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கி விட்டவள் அத்தை. அவளை ஒருத்தி இறக்கி விட்டது அன்றைக்குத்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

கடுகின் அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. கடுகுக்கு ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். மூன்றாவது சுற்று கீமோ முடிந்து வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கெட்ட அணுக்களைத் துரத்தப் போன மருந்து, நல்ல வெள்ளை அணுக்களையும் துடைத்துப் போட்டிருந்தது. பூட்டும் இல்லை, காவலும் இல்லை என்கிற வீடு மாதிரி இருந்தது அந்தச் சின்ன உடம்பு. அதனால் அவர்களுக்கு ஒரே சட்டம். சூடு நூறைத் தாண்டினால் மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரி. டாக்டரைக் கேட்காமல் ஜுர மருந்து கொடுக்கவே கூடாது. மருந்து சூட்டைத்தான் இறக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது.

கதவைச் சாத்திய மறுநாள் காலை, கடுகின் அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. மகளுக்கு இன்ன நோய் என்று தெரிந்த நாளிலிருந்து லீவில் இருந்தாள். "இந்தத் தடவையும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்மா, தப்பா நினைக்காதே" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பயந்துதான் கிளம்பினாள். ஆனால் பயம் பாதிதான். மீதி ஆசை. ஒரே ஒரு நாள், மருந்து வாசனை இல்லாத இடத்தில் உட்கார்ந்து, ஒரு லென்ஸைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டு எழுந்திருக்க வேண்டும். இந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானேகூட உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

"அம்மா, ட்யூப்கிட்ட கடிக்குது."

கடுகின் நெஞ்சில், தோலைத் துளைத்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்திருக்கும். மருந்து ஏற்றவும் ரத்தம் எடுக்கவும் அதுதான் வழி. அது இருப்பதால் ஒவ்வொரு தடவையும் கையில் குத்த வேண்டியதில்லை. அதன் மேல் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்திரி.

சட்டையை விலக்கிப் பார்த்தாள். குழாய் வெளியே வருகிற இடத்தைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது.

லென்ஸில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் பிடித்துவிடுகிற கண் அவளுடையது. அந்தக் கண் பார்த்தது. மனசுதான் வாங்கிக்கொள்ள மறுத்தது.

"பிளாஸ்திரி இழுக்குதுடா. சாயங்காலம் வந்து மாத்திடறேன். அப்பாகிட்ட சொல்லாதே, சும்மா பதறுவாரு. சரியா?"

"சரி" என்றாள் கடுகு.

*

கடுகின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் தவிப்பவர்களுக்கு வெளியிலிருந்து, "ஒண்ணுமில்லைங்க, ரெண்டே நிமிஷம்!" என்று குரல் கொடுப்பது அவன் தொழிலில் பாதி. ரெண்டு நிமிஷத்தில் முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவர்கள் பதறாமல் இருந்தால் சரி. அன்று மகளைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டிருந்தான்.

அம்மா போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடுகு விளையாட்டை விட்டுவிட்டு வந்து அவன் மடியில் படுத்தாள். நெற்றி சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான். நூறைத் தாண்டியிருந்தது. நன்றாகவே தாண்டியிருந்தது.

"எழுந்திருடா கண்ணு. டாக்டரைப் பாத்துட்டு ஓடி வந்துடலாம்."

"ஓடி வர விடமாட்டாங்கப்பா."

அது உண்மை. போனால் எப்போது திரும்பலாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடுகு அழவில்லை. அழுதிருந்தால் அள்ளித் தூக்கிக்கொண்டு போயிருப்பான். அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைத் திருகியபடி மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, பக்கத்துக் கட்டில் பாப்பா வீட்டுக்குப் போயிட்டான்னு நர்ஸ் அக்கா சொன்னாங்கல்ல? அப்ப அவ செருப்பு ஏன் கட்டிலுக்கு அடியிலயே இருந்துச்சு?"

மெக்கானிக் அவளுடைய மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"இன்னைக்கு மட்டும் வேண்டாம்ப்பா. நாளைக்கு வரேன். பிராமிஸ்."

மனைவியைக் கூப்பிட ஃபோனை எடுத்தான். இந்நேரம் கடைக்குள் காலடி வைத்திருப்பாள். முதல் நாளே திரும்பி வா என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று ஃபோனைக் கீழே வைத்தான்.

டாக்டர் சொன்னால் மட்டும் கொடுக்க வேண்டிய ஜுர மருந்து அலமாரியில் இருந்தது. ஒரு மூடி ஊற்றினான்.

"அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், என்ன?"

"சரி" என்றாள் கடுகு. அன்று காலையில் அது அவளுடைய இரண்டாவது சரி.

சூடு இறங்கியது. கடுகு எழுந்து உட்கார்ந்து பால் குடித்தாள். மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, "லிஃப்ட் நின்னுபோச்சு, காப்பாத்துங்க!" என்று கத்தினாள். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடையிலிருந்து ஃபோன் வந்தது. "சூடு பாத்தீங்களா?"

"இப்பதான் பாத்தேன். நார்மல்."

அது பொய் இல்லை. அதனால்தான் அவனால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது.

மத்தியானம் மறுபடி ஏறியது. இப்போது சொன்னால் காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அவன் இன்னொரு மூடி ஊற்றினான். காலையில் ஊற்றியது மகளுக்காக. இது தனக்காக. ஊற்றும்போதே அது அவனுக்குத் தெரிந்தது.

பிறகு குளிர் வந்தது. சாதாரணக் குளிர் இல்லை. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் கிடுகிடுத்தது. பல் பல்லோடு அடித்துக்கொண்டது. "குளிருதுப்பா, குளிருதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்த உதடு நீலம் பாய்ந்தது.

*

கடுகின் அம்மா அப்போதுதான் இன்னொரு கண்ணாடியை முடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறையே இல்லை. முதலாளிகூட, "கை மறக்கலையே!" என்று சிரித்தார்.

ஃபோனில் கணவன் குரலைக் கேட்டதுமே கண்ணாடி மேசையில் விழுந்தது.

காலையில் பார்த்த சிவப்பு கண் முன்னால் வந்து நின்றது. "ட்யூப்..." என்று ஆரம்பித்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்குத் தெரியும்! நேத்து உங்க அக்கா வாசல்ல வந்து இருமினாங்களே, அதேதான்! நூறு பேர் மூச்சு விடற பஸ்ஸுல இருந்து நேரா வந்து நின்னா வேற என்ன ஆகும்?"

அக்காவின் மேல் போய் விழுந்த பழியை மெக்கானிக் கை நீட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. "டாக்சி வந்துடுச்சு. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்று வைத்துவிட்டான்.

அவள் விடவில்லை. போகிற வழியில் அத்தையைக் கூப்பிட்டாள்.

"இப்பத் திருப்திதானே அண்ணி? புள்ளை நடுங்கிட்டுக் கிடக்கா."

பஸ்ஸில் ஒரு ஸ்டாப்புக்குள் ஊரையே அடக்குகிறவள் அத்தை.

"நான் வரட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"தயவு செஞ்சு வராதீங்க!"

*

அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. அம்மாவும் அப்பாவும் வாசலில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்கிற மாதிரி வந்து சேர்ந்தார்கள். கடுகு அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தாள். நடுக்கம் அடங்கியிருந்தது.

முன்மேசை நர்ஸ் காதில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தாள். "ஜுரம் ஒண்ணும் பெருசா இல்லையே. தொண்ணூத்தொன்பதுதான் காட்டுது. உக்காருங்க, கூப்பிடுவாங்க."

"சிஸ்டர், கீமோ போயிட்டிருக்கிற புள்ளை" என்றாள் அம்மா.

"தெரியுதும்மா. சூடு இருந்தா உடனே உள்ள அனுப்புவேன். இப்ப உள்ள கட்டில் இல்லை. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அம்மா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஒரு நிம்மதி பரவுவதை மெக்கானிக் பார்த்தான். ஜுரம் இல்லையாம். நாம்தான் பதறிவிட்டோம் போல.

அந்த நிம்மதியை உடைக்காமல் விடலாம். பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

தோளில் கிடந்த மகளின் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. வேக வேகமாகப் பட்டது.

"சிஸ்டர், அந்த நம்பரை நம்பாதீங்க." அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "நான் ஜுர மருந்து குடுத்திருக்கேன். காலையில ஒரு மூடி. மத்தியானம் ஒரு மூடி. காலையிலேயே நூறுக்கு மேல இருந்துச்சு."

நர்ஸ் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து வந்து கடுகை அவன் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். "டாக்டர், கீமோ பேஷன்ட், காலையில இருந்து ஜுரம்!" என்ற அவளுடைய குரல் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டது.

கடுகின் அம்மா கணவனைப் பார்த்தாள். அறைந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"நார்மல்னு சொன்னீங்க" என்றாள்.

*

உள்ளே எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். "கீழே போகுது, வேகமா ஏத்துங்க" என்றார் இளம் டாக்டர். குழாய் வழியாகக் குளுகோஸ் பாட்டில், அடுத்து ஆன்டிபயாடிக். கடுகின் முகம் தலையணை உறையின் நிறத்தில் இருந்தது.

பிளாஸ்திரியை உரித்த நர்ஸின் கை அப்படியே நின்றது.

குழாயைச் சுற்றிய சிவப்பு இப்போது கட்டைவிரல் அகலத்துக்குப் பரவியிருந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கசிவு.

"இது எப்ப இருந்து இப்படி இருக்கு?"

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். நாள் முழுக்க வீட்டில் இருந்தவன் அவன்தானே.

"நான் கவனிக்கலைங்க." தலை கவிழ்ந்தது. "அதையும் நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். காலையில் பார்த்தது நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் சற்று முன்தான் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தாள். அதே கூண்டில் தானும் ஏறுவதா?

டாக்டர் கடுகிடம் குனிந்தார். "இங்க வலிக்குதாடா கண்ணு?"

கடுகு டாக்டரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"இல்ல."

நர்ஸ் விரல் நுனியால் லேசாகத் தொட்டாள். குழந்தையின் உடம்பு வில்லாக வளைந்தது. கண்ணில் குபுக்கென்று நீர் வந்தது.

"வலிக்குதா?"

"வலிக்கல" என்றாள் கடுகு, பல்லைக் கடித்துக்கொண்டு. "காலையிலயும் வலிக்கல. யாரும் பாக்கல. தானா வந்துச்சு."

கடுகின் அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள்.

ஏழு வயதுக் குழந்தை. பிரஷர் இறங்கி, உதடு வெளுத்து, படுத்துக் கிடக்கிறது. அந்த நிலையிலும் அம்மாவைக் காப்பாற்றத் தன் வலியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"டாக்டர், அவ பொய் சொல்றா." குரல் உடைந்தது. "நான் சொல்லச் சொன்ன பொய். காலையிலேயே 'கடிக்குது'ன்னு சொன்னா. நான் பாத்தேன். சிவந்திருந்துச்சு. வேலைக்குப் போகணும்னு... சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அப்பாகிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்."

மெக்கானிக் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள் அவள். இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

அவள் மண்டியிட்டு மகளின் காதருகே போனாள். "கண்ணு, இனிமே எங்க வலிச்சாலும் சத்தமா சொல்லணும். யாருக்காகவும் மறைக்கக் கூடாது. புரியுதா?"

கடுகு யோசித்தாள்.

"சொல்லாதேன்னு நீங்களே சொன்னா?"

பாட்டிலிலிருந்து சொட்டு சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"நாங்களே சொன்னாலும்" என்றான் மெக்கானிக்.

*

பிரஷர் மெதுவாக ஏறத் தொடங்கிய பிறகுதான் பெரிய டாக்டரம்மா வந்தார். நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு.

"ட்யூப்ல கிருமி தங்கிடுச்சுன்னு நினைக்கறேன். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு கம்மியா இருக்கு. அதை ஏத்திட்டு, நாளைக்குக் காலையில ட்யூபை எடுத்துடலாம். இப்போதைக்குத் தேவலாம். ஆனா கண்டத்தைத் தாண்டிட்டோம்னு இன்னும் சொல்லமாட்டேன்."

"இருமல்ல இருந்து வந்திருக்குமா டாக்டர்?" அம்மா கேட்டாள். "வீட்டுக்கு ஒருத்தங்க இருமிட்டு வந்தாங்க."

"இல்லைம்மா. இது தோல்ல சும்மா குடியிருக்கிற கிருமி மாதிரிதான் தெரியுது. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. நமக்கு அது வாடகை குடுக்காத குடித்தனக்காரன், அவ்வளவுதான். இந்தப் புள்ளைக்கு எதிர்க்க ஆளில்லை, அதனால வீட்டையே வளைச்சிக்குது. பெரும்பாலும் இவங்களுக்கு ஆபத்து வெளியில இருந்து வர்றது இல்லை. சொந்த உடம்புக்குள்ள இருந்தே வருது."

மெக்கானிக் தயங்கினான். "காலையிலேயே வந்திருந்தா?"

டாக்டரம்மா ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இல்லைன்னு நான் சொன்னா அது உங்களுக்காகச் சொல்ற பொய். ஆனா வாசல்ல வாயைத் திறந்தீங்க பாருங்க, அது அவளுக்குப் பெரிய உதவி. அங்கயும் மூடி மறைச்சிருந்தா இப்ப நாம இப்படி நின்னு பேசிட்டு இருக்கமாட்டோம்."

அவர் போன பிறகு இருவரும் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்றார்கள்.

"உங்களை நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் அவள். "ஒண்ணுகூட வாயில வரமாட்டேங்குது."

"கேளு. கேட்டா தேவலாம்."

"எந்த வாயால கேக்கறது?"

அவன் கீழே பார்த்தபடி சொன்னான். "நீ அக்காவைச் சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் என்னால தாங்க முடியலை."

பழியைத் தூக்கி அங்கே வைத்தவள் அவள்தானே.

ஒருவர்தான் கூடத் தங்கலாம் என்றார்கள். கடுகு கண் அயர்ந்திருந்தாள். மாற்றுத் துணி எடுத்து வர அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"மொட்டைப் பாப்பாவோட அம்மாதானே? புள்ளை எப்படி இருக்கு? ஒரு கண்டக்டரம்மா ரொம்ப நேரமா இந்தக் கேட்டுக்கு வெளியவே நின்னாங்க. உள்ள போங்கம்மான்னேன். 'எனக்கு இருமல், வரக்கூடாது'ன்னுட்டாங்க. அடுத்த டிரிப்புக்கு நேரமாச்சுன்னு கொஞ்சம் முன்னாடிதான் அழுதுட்டே போனாங்க."

*

ஆஸ்பத்திரிக்கு எதிரேதான் பஸ் ஸ்டாப். அந்த வழியாகத்தான் அத்தையின் ரூட். வீட்டுப் பக்கம் போகிற வேறு பஸ்கள் வந்தன. அவள் ஏறவில்லை.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க! படியில நின்னு காத்து வாங்காதீங்க, உள்ளயும் காத்து இருக்கு!"

பஸ்ஸுக்கு முன்னால் குரல் வந்து சேர்ந்தது. கடுகின் அம்மா ஏறினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அத்தை முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாள். "டிக்கெட்" என்று நிமிர்ந்தவள், எதிரே நிற்பது யாரென்று பார்த்ததும் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"புள்ளை...?"

"இருக்கா அண்ணி. தூங்கறா. பிரஷர் ஏறிடுச்சு."

அத்தையின் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. பிறகு கண்டக்டர் முகம் வந்துவிட்டது.

"எங்க இறங்கணும்?"

"உங்ககிட்ட பேசணும் அண்ணி."

"அந்த ஸ்டாப் இந்த ரூட்ல கிடையாது."

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டு, அத்தையின் பார்வையைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க இருமல்ல வந்தது இல்லை அண்ணி." கூட்டத்தின் நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி அவள் சொன்னாள். "ட்யூப் வழியா வந்தது. காலையில நானே பாத்தேன், பாத்துட்டு வேலைக்குப் போனேன். உங்க தம்பி மருந்தைக் குடுத்து ஜுரத்தை மறைச்சாரு. தப்பு எங்களோடது. பழியை மட்டும் உங்க தலையில போட்டேன்."

"கண்டக்டரம்மா, எனக்கு ஒரு டிக்கெட்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருங்கய்யா, பஸ் எங்கயும் ஓடிப் போயிடாது!" என்று கத்தினாள் அத்தை, ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில். பிறகு குரல் தழைந்தது. "மத்தியானத்துல இருந்து நான் என்ன நினைச்சிட்டு இருந்தேன் தெரியுமா? அந்தப் புள்ளையைக் கொன்னுட்டேன்னு நினைச்சேன். ஒவ்வொரு ஸ்டாப்பா நினைச்சேன். யாராவது சில்லறை கேட்டா, எண்ணக்கூட வரலை."

"மன்னிச்சி..."

"சொல்லாதே." அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ சொன்னா நான் உடனே சரின்னுடுவேன். என் புத்தி அப்படி. ஆனா எனக்கு இன்னும் சரியாகலை. ஆறட்டும்."

கடுகின் அம்மா தலையை ஆட்டினாள். அதைக் கேட்க அவளுக்கு வலித்தது. ஆனாலும் அன்று முழுக்கக் கேட்டதில் இதில்தான் ஒளிவு மறைவு இல்லை என்று தோன்றியது.

அப்போது ஃபோன் அடித்தது.

"எங்க இருக்கே?" மெக்கானிக்கின் குரல் மூச்சிரைத்தது. "அடுத்த மருந்தை ட்யூப் வழியா ஏத்தினதும் மறுபடி நடுக்கம் வந்துடுச்சு. காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாதாம். தட்டணு ஏத்தறாங்க, கையோட ட்யூபை எடுக்க ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அம்மா வராம உள்ள வரமாட்டேன்னு கம்பியைப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கறா. சீக்கிரம் வா!"

அவன் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற அத்தைக்கும் கேட்டுவிட்டது. கடுகின் அம்மா எதுவும் சொல்வதற்குள் விசில் அலறியது.

பஸ் குலுங்கி நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இங்க ஸ்டாப் இல்லையேக்கா!"

"இன்னைக்கு இருக்கு! வழி விடுங்க, வழி விடுங்க! அந்தம்மா இறங்கட்டும்!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. யாரோ அவள் தோளைப் பிடித்துப் படியருகே தள்ளினார்கள். தெருவில் குதித்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் வாங்க அண்ணி! அத்தை வந்திருக்காங்கன்னா அவ தைரியமா போவா."

அத்தையின் ஒரு கால் கீழ்ப்படிக்கு வந்துவிட்டது. டிக்கெட் பையைக் கழற்றப் பாதி தூக்கியும் விட்டாள். அதற்குள் உள்ளேயிருந்து இருமல் கிளம்பியது. முகத்தைத் திருப்பி முழங்கையில் புதைத்துக்கொண்டு இருமினாள். நிமிர்ந்தபோது பை மறுபடி தோளில் இருந்தது.

"கிருமி எதுவா வேணா இருக்கட்டும். இப்ப அவகிட்ட நான் வரக்கூடாது. நின்னு பேசாதே. ஓடு!"

கடுகின் அம்மா ஓடினாள். செருப்பின் வார் அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். எதிரே வந்தவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். அவளுடைய காது மட்டும் பின்னால் இருந்தது. 'போகலாம்' என்கிற இரட்டை விசில் எந்த நொடியும் கேட்கும் என்று காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்புகிற முனையில் ஒரு தடவை பார்த்தாள். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. பஸ் இன்னும் நடுரோட்டில் நின்ற இடத்திலேயே நின்றது. படியில் அத்தை, அவள் ஓடுகிற திசையைப் பார்த்தபடி, கையில் விசிலோடு நின்றுகொண்டிருந்தாள்.